ஐவர் பேசிய பாஷை

இலக்கண நூலை விமரிசனம் செய்வது நாவலாசிரியன் வேலையல்ல என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். இலக்கணம் என்றால் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எனக்கு ஒரு பயம் உண்டு. இருந்தும் சில மாதங்களாக என் மேஜையை விட்டு அகலாமல் இருப்பது ஓர் இலக்கண நூல்தான். அதுவும் எனக்குத் தெரியாத ஜெர்மன் பாஷையில் எழுதப்பட்டது. இன்று உலகத்தில் ஒருவருமே பேசாத ஒரு பாஷையைப் பற்றியது. ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகப் படித்துச் சொன்னார். அவருக்கு இதனால் என்ன லாபம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன லாபம் என்று அவரும் கேட்கவில்லை. நல்ல நாவலைப் படித்து முடித்த பிறகு மனசில் ஒரு சஞ்சலம் நிற்குமே, அந்த மாதிரிச் சஞ்சலம் இந்தப் புஸ்தகத்தைப் படித்த பிறகும் எனக்கு நின்றது. அது ஏன் என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

புஸ்தகம் 1858-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்தது. ஆசிரியர் மத்தியாஸ் அலெக்ஸாந்தர் காஸ்த்ரேன், பின்லாந்துக்காரர். எனிஸேய் ஒஸ்த்யாக், கோத் என்ற இரண்டு பாஷைகளின் இலக்கணமும் சொற்பட்டியலும் அதில் இருக்கின்றன. 'இலக்கணம்' என்று மட்டும் பெயர் வைக்கவில்லை. 'இலக்கணத்துக்கு ஒரு முயற்சி' என்கிறது தலைப்பு. அந்தக் காலத்து ஜெர்மன் நூல்களில் இது சாதாரணமான அடக்கம்தான் என்கிறார் நண்பர். இருக்கலாம். ஆனால் இந்த நூலைப் பொறுத்தமட்டில் அந்த வார்த்தை வெறும் சம்பிரதாயமாகப் படவில்லை எனக்கு.

புஸ்தகம் அச்சாகி வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. 1813-ல் பிறந்தவர், 1852-ல் க்ஷயரோகத்தில் இறந்துபோனார், முப்பத்தெட்டு வயசு. 1845 முதல் 1849 வரை சைபீரியாவில் அலைந்து எழுதிய குறிப்புகளை, அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, அந்தோன் ஷீஃப்னர் என்ற அறிஞர் ஒழுங்குபடுத்திப் பதிப்பித்தார். இந்த இருவரைப் பற்றியும் இலக்கிய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பின்லாந்தின் கலேவலா காவியத்தை ஸ்வீடிஷ் பாஷையில் மொழிபெயர்த்தவர் காஸ்த்ரேன். அது 1841-ல் வந்தது. ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் ஷீஃப்னர், அது 1852-ல். இரண்டு பேருமே காவியத்தின் ஓசையோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். வெறும் இலக்கணப் புலிகள் அல்ல.

இனி அந்தப் பாஷையைச் சொல்ல வேண்டும். சைபீரியாவின் நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஓடி ஆர்க்டிக் சமுத்திரத்தில் விழுகிற மகாநதி எனிஸேய். அந்த நதியையும் அதில் சேருகிற ஆறுகளையும் ஒட்டி, சுற்றியிருந்த துருக்கிய, சமோயத் பாஷைகளோடு ஒட்டாத ஒரு பாஷைக் குடும்பம் இருந்தது. கேத், யூக், கோத், அஸ்ஸன், அரின், பும்போகோல் என்று ஆறு பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. காஸ்த்ரேன் எனிஸேய் ஒஸ்த்யாக் என்று சொல்வது இன்று கேத் என்று அழைக்கப்படும் பாஷையைத்தான். அது ஒன்றுதான் இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அரின், அஸ்ஸன், பும்போகோல் மூன்றும் 18-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தன. கோத் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்தது. யூக் 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தது.

மறைந்ததற்குக் காரணம் மர்மமானதல்ல. 1619-ல் எனிஸேய்ஸ்க் கோட்டை, 1628-ல் க்ராஸ்னயார்ஸ்க் கோட்டை என்று ரஷ்யர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே தெற்கிலிருந்த கிர்கிஸ் தலைவர்களுக்கு இந்தச் சிறு கூட்டங்கள் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. இப்போது ஜார் அரசனுக்கும் தலைக்கு இத்தனை தோல் என்று கட்ட வேண்டியதாயிற்று. இரண்டு பக்கத்து இடியும் தாங்காமல் ஜனங்கள் சிதறினார்கள். நோய் ஒரு பக்கம். மிஞ்சியவர்கள் பக்கத்திலிருந்த துருக்கிய பாஷைக்கோ ரஷ்ய பாஷைக்கோ மாறிப்போனார்கள். பிள்ளைக்குச் சோறு கிடைக்கிற பாஷையைத் தாய் பேசுவாள்; அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காஸ்த்ரேன் போய்ச் சேர்ந்தபோது அகூல் ஆற்றுப் பக்கத்தில் கோத் பாஷை தெரிந்தவர்களாக அவருக்கு அகப்பட்டவர்கள் ஐந்தே பேர்.

காஸ்த்ரேனுக்கு முன்னும் இந்தப் பக்கம் அறிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள். மகா பீட்டர் அனுப்பிய மெஸர்ஷ்மித் 1720 முதல் 1727 வரை சைபீரியாவில் சுற்றினார். 1733-லிருந்து பத்து வருஷம் நடந்த பெரிய யாத்திரையில் கெரார்த் மில்லர் என்ற சரித்திர ஆசிரியர் போகிற இடமெல்லாம் சொற்களைச் சேகரித்தார். பிறகு காதரீன் மகாராணிக்கு உலகத்துப் பாஷைகளையெல்லாம் ஒரே புஸ்தகத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. பல்லாஸ் என்ற விஞ்ஞானி 1780-களின் கடைசியில் அதை இரண்டு பாகமாக அச்சிட்டார். இருநூறு பாஷைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய முந்நூறு சொற்கள். கோத், அரின், அஸ்ஸன், பும்போகோல் எல்லாம் அதில் வரிசையில் நிற்கின்றன.

இந்த முயற்சியின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரின் பாஷையைப் பற்றி இன்று நாம் ஏதாவது தெரிந்துகொண்டிருக்கிறோம் என்றால் இந்தப் பட்டியல்களால்தான். ஆனால் பட்டியல் என்பது கேட்கிறவனுடைய புஸ்தகமே தவிர, பதில் சொல்கிறவனுடைய புஸ்தகம் அல்ல. மகாராணியின் பட்டியல் கடவுளில் ஆரம்பிக்கிறது, அடுத்தது வானம், அப்புறம் தகப்பன், தாய். பீட்டர்ஸ்பர்க் அரண்மனையில் அது சரியான வரிசையாக இருந்திருக்கலாம். கேத் பாஷையிலோ 'எஸ்' என்றால் வானம். கடவுளும் அதே எஸ்தான். ஒரே சொல்லை இரண்டு கேள்விக்குப் பதிலாகச் சொன்ன வேட்டைக்காரனைப் பார்த்து, எழுதிக்கொண்டவர் என்ன நினைத்திருப்பார்? இவனுக்குச் சொல் போதவில்லை என்று நினைத்திருப்பாரா, அல்லது தன் கேள்விதான் போதவில்லை என்று நினைத்திருப்பாரா? பட்டியல் அதைச் சொல்லாது. இரண்டு கட்டத்திலும் ஒரே சொல்லை நிரப்பிவிட்டு அடுத்த பாஷைக்குப் போய்விடும்.

காஸ்த்ரேன் நூலின் முதல் பெருமை, அது பட்டியலோடு நிற்கவில்லை என்பதுதான். நான், நீ, அவன் என்று வினை எப்படித் திரும்புகிறது. ஒன்று பலவாகும்போது சொல்லுக்குள்ளே உயிரெழுத்து எப்படி மாறுகிறது. வேற்றுமை எப்படி ஒட்டுகிறது என்றெல்லாம் அவர் விடாமல் கேட்டிருக்கிறார். ஐந்து பேரிடம், அவர்களுக்கே அன்றாடம் பேச ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு பாஷையில், 'நான் போனேன் என்றால் எப்படி? நாங்கள் போனோம் என்றால் எப்படி?' என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமான காரியம் அல்ல. கேட்டவரோ நுரையீரல் அரித்துக்கொண்டிருந்த நோயாளி. புஸ்தகத்தில் இந்தச் சூழ்நிலை எங்கும் எட்டிப் பார்ப்பதில்லை. அட்டவணைகள் நேராக, சுத்தமாக இருக்கின்றன. நாவலாசிரியன் என்றால் அந்தக் குடிசையையும் அடுப்பையும் இருமலையும் எழுதாமல் விட்டிருக்க மாட்டான். காஸ்த்ரேன் விட்டுவிட்டார். விட்டதனால் நூல் கெடவில்லை.

ஒலிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாஷைகளைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை. என்னை இழுத்துப் பிடித்ததே அவைதான்.

'ஆறு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓடுகிற ஆறு. கேத்காரன் 'ஸேஸ்' என்பான். கோத்காரன் 'ஷெத்' என்றான். அஸ்ஸனும் அப்படியே. அரின்காரன் 'ஸத்' என்றான். பும்போகோல்காரன் 'தத்' என்றான். 'கல்' என்ற சொல்லைப் பாருங்கள். கேத்தில் அது தகரத்தில் ஆரம்பிக்கிறது; யூக்கில் அழுத்தமான சகரத்தில்; கோத்தில் 'ஷிஷ்'; அரினில் 'கெஸ்'; பும்போகோலில் 'கித்'. தண்ணீருக்குக் கேத்தில் 'ஊல்', கோத்தில் 'உல்', யூக்கில் 'உர்'. அரின்காரன் மட்டும் முன்னால் ஒரு ககரத்தைப் போட்டுக்கொண்டு 'குல்' என்றான். அது ஏதோ தவறிப்போய் ஒட்டிக்கொண்டதல்ல. கோத்தில் 'ஈனா' என்று இருக்கும் இரண்டு, அரினில் 'கினா' ஆகிறது. உயிரெழுத்தில் தொடங்கத் தயங்கினாற்போல ஒரு ககரம் வாசலில் நிற்கிறது. ஆதியில் பகரமாக இருந்தது அரினில் பகரமாகவே நின்றது. யூக்கில் உதடு தளர்ந்து ஃபகரமாயிற்று. கேத்தில் அதுவும் தளர்ந்து வெறும் ஹகரமாயிற்று. மூன்று என்ற எண் கோத்தில் 'தோங'. நம் அரிச்சுவடியில் 'ங' என்ற எழுத்தை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று குழந்தையில் நான் சண்டை பிடித்ததுண்டு. அகூல் ஆற்றங்கரையில் அது மூன்று என்று எண்ணுவதற்குப் பயன்பட்டது.

இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் மாதிரி. ஒருவனுக்கு மூக்கு, ஒருத்திக்குக் கண். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இறந்துபோன பாட்டியின் முகமே தெரிகிற மாதிரி இருக்கும். பாஷை சாஸ்திரக்காரர்கள் செய்வது இதைத்தான். நாம் நினைக்கிற அளவுக்கு அது வறண்ட வேலை அல்ல.

இந்த ஒலிகள் புஸ்தகத்தில் மட்டும் கிடக்கின்றன என்றும் சொல்ல முடியாது. பாஷை போன பிறகும் ஆறுகளின் பெயர் போகவில்லை. அந்திரேய் துல்சோன் என்பவர் வோல்கா ஜெர்மானியர்; 1941-ல் யுத்தத்தின்போது தம் இனத்தாரோடு நாடு கடத்தப்பட்டுத் தோம்ஸ்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு சைபீரியாவின் ஆற்றுப் பெயர்களை ஆராய ஆரம்பித்தார். 'ஸெஸ்', 'ஸிஸ்' என்று முடிகிற பெயர்கள் ஒரு பக்கம்; 'ஷெத்', 'செத்' என்று முடிபவை ஒரு பக்கம்; 'ஸத்', 'ஸாத்' ஒரு பக்கம்; 'தத்', 'தெத்' ஒரு பக்கம். எந்தக் கூட்டம் எந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தது என்பது தேசப்படத்திலேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. சைபீரிய ரயில் பாதையில் தைஷெத் என்று ஒரு பெரிய ஜங்ஷன் உண்டு. பைக்கால்-அமூர் ரயில் பாதை பிரிவது அங்கிருந்துதான். 'குளிர்ந்த ஆறு' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். ரயில் அங்கே வந்து நிற்கும்போதெல்லாம் பிரயாணிகள் உச்சரிப்பது ஐவரின் பாஷையில் ஆற்றுக்கு இருந்த அதே 'ஷெத்'. அவர்களுக்கு அது தெரியாது. தெரியாமல் உச்சரித்தாலும் அது வாழ்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி குறையைச் சொல்ல வேண்டும். குறை சொல்லாவிட்டால் இது விமரிசனம் ஆகாது.

கேத் பாஷையில் 'சுல்' என்று நாம் தமிழில் எழுதக்கூடிய சொற்கள் நான்கு இருக்கின்றன. மேலே உயர்த்தி ஒரே சீராக நீட்டிச் சொன்னால் ரத்தம். குரலைத் தொண்டையில் சட்டென்று வெட்டிச் சொன்னால் ஒருவகை வெள்ளை மீன். ஏற்றி இறக்கி நீட்டினால் பனியில் இழுக்கிற சறுக்கு வண்டி. ஒரேயடியாக இறக்கிச் சொன்னால் தொட்டில் மாட்டுகிற கொக்கி. எழுத்து ஒன்றுதான், தொனிதான் வேறு. ரத்தத்துக்கும் தொட்டில் கொக்கிக்கும் நடுவே அந்த மக்கள் வைத்திருந்தது குரலின் ஓர் இறக்கத்தை மட்டும். ஓரசைச் சொற்களில் நான்கு தொனிகள் என்ற இந்த அமைப்பு காஸ்த்ரேனுடைய இலக்கணத்தில் இல்லை. நூறு வருஷம் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், துல்சோனும் அவர் மாணவர்களும் கேத் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதன் பிறகுதான் அது ஒழுங்காக விளங்கிற்று.

இதில் என்ன பெரிய குறை, பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்களே என்று கேட்கலாம். கேத்தைத் திருத்தினார்கள். புஸ்தகத்தின் மறுபாதி கோத். அதைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில்தான் இந்த நூலின் விசித்திரமான அமைப்பு எனக்குப் புலப்பட்டது. ஒரே ஆள், ஒரே காது, ஒரே பிரயாணம், இரண்டு பாஷைகள். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. பிழைத்த பாஷையை வைத்துக்கொண்டு அந்தக் காதைச் சோதிக்கலாம். சோதித்தால் தெரிகிறது: மெய்யெழுத்துகளை நன்றாகப் பிடித்திருக்கிறது, தொனியைப் பிடிக்கவில்லை. ஆகவே கோத் பகுதியில் தொனியைப் பற்றிப் பேச்சில்லை என்பதனால் கோத் பாஷையில் தொனி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. துல்சோனின் மாணவரான ஹைன்ரிக் வெர்னர் 1997-ல் கோத் இலக்கணத்தை மறுபடியும் எழுதினார். அப்படி எழுதுவதற்குங்கூட அவருக்கு மூலாதாரம் காஸ்த்ரேன்தான். காஸ்த்ரேன் நெடில் என்று குறித்த இடங்களில் தொனியின் சுவடு ஒளிந்திருக்குமோ என்று இப்போது தேடுகிறார்கள். செத்தவனுடைய கையெழுத்தை வைத்துக்கொண்டு அவன் குரலைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலை அது.

ஏன் கேட்கவில்லை அவருக்கு? கவனக்குறைவு என்று சொல்ல மனம் வரவில்லை. அவருடைய வீட்டுப் பாஷை ஸ்வீடிஷ். ஸ்வீடன் தேசத்து ஸ்வீடிஷில் சொல்லுக்குச் சொல் ஒரு ராகம் உண்டு. பின்லாந்தில் பேசுகிற ஸ்வீடிஷில் அது கிடையாது. பின்னிஷ் பாஷையிலோ குறில் நெடில் வித்தியாசம் வெகு கறார். குறிலையும் நெடிலையும் தராசில் வைத்து நிறுக்கப் பழகின காது. ஏற்ற இறக்கத்தை உணர்ச்சி என்று ஒதுக்கப் பழகின காது. ஒரு சொல் நீண்டு ஒலித்தால் அவருக்கு நெடில் கேட்டிருக்கும். அதோடு கூட வந்த ராகத்தை, சொல்கிறவன் களைத்துப்போயிருக்கிறான், அல்லது சலித்துக்கொள்கிறான் என்று நினைத்திருப்பார். இது என் அபிப்பிராயம். பண்டிதர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். தமிழன் ஒருவன் போயிருந்தாலும் இதே கதிதான். குறில் நெடில் நமக்குத் தப்பாது, 'ங' தப்பாது, குரல் ஏறினதையும் இறங்கினதையும் கோபம், வருத்தம் என்று எழுதிக்கொண்டு வந்திருப்போம். கோத்தையும் கேத்தையும் நான் இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேனே, அதிலேயே எத்தனையோ நசுங்கிப் போயிருக்கிறது.

என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை வைத்து ஒரு கதை எழுதினேன். அவர் பேச்சை அப்படியே பிடித்துவிட்டதாக எனக்கு ஒரு கர்வம். பத்திரிகையில் வந்ததும் அவரிடமே எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். திண்ணையில் சாய்ந்தபடி கடைசி வரையில் கேட்டார். "சொல்லெல்லாம் என்னுதுதான் தம்பி. குரல்தான் யாருதோ மாதிரி இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. திரும்ப எழுதினேன். அவர் இருந்தார், மறுபடி போய்க் கேட்க முடிந்தது, எழுதினேன். அதற்குப் பிறகும் பூராவும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தரமாவது அவர் காதால் என் எழுத்தை நான் கேட்டேன்.

காஸ்த்ரேனுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஐவரில் ஒருவரிடம் அச்சான பக்கத்தைப் படித்துக் காட்டி, 'சரியா?' என்று கேட்க அவருக்கு ஆயுள் இல்லை. பதிப்பித்த ஷீஃப்னர் மேஜையில் உட்கார்ந்து குறிப்புகளைத் தொகுத்தவர். புஸ்தகம் வந்த காலத்துக்கு அந்த ஐவரின் பாஷையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எடிசன் குரலைப் பிடித்து வைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது 1877-ல். இருபது வருஷம் பிந்திப் போயிற்று. ஆக, கோத் பாஷையின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரு நோயாளியின் காது வழியாக வந்து காகிதத்தில் இறங்கியதுதான்.

இதைச் சொல்லும்போது இரண்டு விதமான ரசிகர்களோடு எனக்குத் தகராறு வருகிறது. ஒரு சாரார், காஸ்த்ரேன் மாதிரி தியாகியைக் குறை சொல்லலாமா என்பார்கள். சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். அவர் செய்யாததை எது என்று தெளிவாகச் சொன்னால்தான் அவர் செய்தது எவ்வளவு என்று தெரியும். நோயையும் குளிரையும் காட்டி ஒரு நூலைப் பூஜை அறையில் வைப்பது, அதைப் படிக்காமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான வழி. மற்றொரு சாரார், தொனியைக் கோட்டை விட்ட இலக்கணம் என்ன இலக்கணம் என்பார்கள். அவர்களுக்குப் பதில் சுலபம். இந்த ஓர் இலக்கணம் இல்லையென்றால் கோத் இன்று அரினைப் போல, பும்போகோலைப் போல ஒரு கைப்பிடிச் சொற்களாக இருந்திருக்கும். தொனி இருந்ததா இல்லையா என்ற கேள்வியைக்கூட நாம் கேட்டிருக்க மாட்டோம். தன் குறையைக் கண்டுபிடிக்கிற சாதனத்தையும் தானே கொடுத்துவிட்டுப் போகிற நூல் நேர்மையான நூல். கேத்தையும் கோத்தையும் பக்கம் பக்கமாக வைத்ததன் மூலம் காஸ்த்ரேன் அதைச் செய்திருக்கிறார். உத்தேசித்துச் செய்தாரா என்பது வேறு விஷயம்.

வேறொரு கோஷ்டியும் உண்டு. சீனர்களை நடுங்க வைத்த ஷியோங்னு என்ற நாடோடிச் சாம்ராஜ்யக்காரர்களின் பாஷை எனிஸேய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்று புல்லிபிளாங்க் என்ற அறிஞர் 1962-ல் வாதித்தார். 2025-ல் இரண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள், அந்த ஷியோங்னுவும் ஐரோப்பாவைக் கலக்கின ஹூணர்களும் அரினின் ஒரு பழைய வடிவத்தைப் பேசியவர்கள் என்று எழுதினார்கள். அலாஸ்காவிலிருந்து பரவியிருக்கும் அமெரிக்க ஆதிகுடிகளின் நா-தெனே பாஷைகளுக்கும் எனிஸேய்க் குடும்பத்துக்கும் உறவு உண்டு என்று எட்வர்ட் வாய்தா 2008-ல் ஒரு பெரிய வாதத்தை முன்வைத்தார். இவையெல்லாம் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயங்கள். மெய்யாக இருந்தாலும் இருக்கலாம். எனக்கு அதில் விரோதமில்லை. ஆனால் அரின் என்ற பெயரை ஒரு நாளும் கேட்டிராதவர்கள், அத்திலாவின் பாஷை என்றதும் காதைத் தீட்டிக்கொள்கிறார்களே, அந்த ரசனையை நான் நம்புவதில்லை. க்ராஸ்னயார்ஸ்க் கோட்டைக்குப் பக்கத்தில் தோல் வரி கட்டமுடியாமல் அழிந்த ஒரு சிறு கூட்டம் தண்ணீரைக் 'குல்' என்று சொல்லிற்று. அது அத்திலா தண்ணீர் கேட்ட சொல்லாக இருந்தால்தான் மதிப்பு என்றால், நாம் பாஷையை மதிக்கவில்லை, பட்டயத்தை மதிக்கிறோம். பழம்பெருமை பேசுவதில் ருசி கண்ட நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். செத்த பாஷைக்கு அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் குடும்பம் முழுவதும் போய்விடவில்லை. எனிஸேயில் விழுகிற எலொகுய் ஆற்றங்கரையில் கெல்லோக் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கேத் ஜனங்கள் மொத்தம் ஆயிரம் பேருக்குச் சற்று மேல். அவர்களில் பாஷையைச் சரளமாகப் பேசுகிறவர்கள் சில பத்துப் பேர்தான், அதுவும் வயசானவர்கள். யூக் பாஷையைக் கேத்தின் ஒரு கிளைப் பேச்சு என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தனிப் பாஷை என்று தெரிந்துகொண்டபோது அதைப் பேசக் கைவிரல் எண்ணிக்கையில்தான் ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள்.

காஸ்த்ரேனுடைய நூலை நல்ல நூல் என்று நான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது அவருடைய வெற்றியிலிருந்து அல்ல. ஒரு தரம் கேட்டது போதாது. கேட்டுக்கொண்டு வந்து, எழுதி, அதைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, 'குரல் யாருடையது?' என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். அதற்கு எதிரே ஆள் இருக்க வேண்டும். கெல்லோக்கில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'சுல்' என்று அவர்கள் சொல்லும்போது அது ரத்தமா, மீனா, வண்டியா, தொட்டில் கொக்கியா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அவர்கள் சொல்வார்கள். அகூல் ஆற்றங்கரையில் அப்படிக் கேட்க இனி வழியில்லை.